தருமசேனரின் வயிற்றுவலி: கடலூரில் நடந்த ஒரு பழைய வழக்கு

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இலக்கியம், கொஞ்சம் உளவியல் மூன்றும் கலந்த ஒரு விஷயம். கட்டுரை சற்று நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அடுத்தவன் வலி நமக்குத் தெரியாது என்பதுதான் இதன் நேரடிப் பொருள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சலையாவது நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிடலாம். தலைவலியை எப்படிப் பார்ப்பது? வலிக்கிறது என்று அவர் சொல்வதை நாம் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பாவிட்டால்?

இரண்டு நாள் வலி என்றால் எல்லோரும் நம்புகிறார்கள். சுக்குக் காபி போட்டுத் தருகிறார்கள். ஆறு மாதம், ஆறு வருடம் என்று வலி நீடித்தால் கதையே மாறிவிடுகிறது. "இவளுக்கு எப்பப் பார்த்தாலும் இதே பாட்டு", "வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு", "எல்லாம் மனசுதான் காரணம்"... வலியோடு சேர்ந்து இந்தப் பேச்சையும் அவர் சுமக்க வேண்டியிருக்கிறது. நாள்பட்ட வலி உள்ளவர்கள் மேல் விழும் இந்த முத்திரையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இது நவீன காலத்துப் பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தமிழில் இது மிகப் பழைய கதை. அதுவும் நம் கடலூரிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் கதை!

யார் அந்த நோயாளி?

விழுப்புரத்தில் இருந்து மயிலாடுதுறை போகும் ரயிலில் ஏறினால் பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம் என்று வரிசையாக வரும். நாம் பார்க்கப் போகும் கதை முழுவதும் இந்த ஒரு ரயில் பாதையை ஒட்டியே நடக்கிறது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர் என்று ஒரு ஊர். அங்கே புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்தவர் மருள்நீக்கியார். அக்கா பெயர் திலகவதி. திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்து போகிறார். பெற்றோரும் இறந்து விடுகிறார்கள். தானும் உயிரை விடத் துணிந்த திலகவதி, தம்பிக்காக வாழ முடிவு செய்கிறார். தம்பி வளர்ந்து சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் பெரிய நிலைக்கு உயர்ந்து, தருமசேனர் என்ற பெயரும் பெறுகிறார்.

பாடலிபுரம் என்பது இன்றைய கடலூரில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர். இது கதைக்காகச் சொன்ன ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். லோகவிபாகம் என்ற சமண நூலில், சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458ல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் சர்வநந்தி என்பவர் பாடலிகையில் இருந்து அந்த நூலை எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. பல்லவர் காலத்தைக் கணக்கிட வரலாற்றாசிரியர்களுக்கு இது ஒரு முக்கியமான ஆதாரம். ஆக, தருமசேனருக்குச் சுமார் 150 ஆண்டுகள் முன்பே கடலூர் ஒரு சமணக் கல்வி நகரம்.

அந்தப் பள்ளியில் தலைமை இடத்தில் இருந்தவருக்குத்தான் வயிற்றில் சூலை நோய் வருகிறது. சூலத்தால் குத்துவது போன்ற வலி என்பதால் சூலை என்று பெயர். அது இன்றைய கணக்கில் குடல்புண்ணா, பித்தப்பைக் கல்லா, சிறுநீரகக் கல்லா என்று ஊகிப்பதில் பயனில்லை. 1400 வருடம் முந்திய நோயாளிக்கு ஸ்கேன் எடுக்க முடியாது!

இவர்தான் பின்னாளில் திருநாவுக்கரசர், அப்பர் என்று பெயர் பெற்றவர். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

இரண்டு சாட்சிகள்

இந்த நோயைப் பற்றி நமக்கு இரண்டு விதமான சாட்சியம் கிடைக்கிறது. ஒன்று நோயாளியே சொன்னது. தேவாரத்தில் நான்காம் திருமுறையின் முதல் பதிகம், திருவதிகையில் பாடியது. மற்றொன்று அவரைப் பற்றிப் பிறர் எழுதியது. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இது அரங்கேறியது என்பது மரபு. இரண்டுக்கும் இடையே சுமார் 500 ஆண்டுகள் இடைவெளி. ஆகவே அக்கா, சமணப் பள்ளி, அரசன் என்று வரும் விவரங்களை எல்லாம் அப்படியே நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 12ஆம் நூற்றாண்டுத் தமிழர்கள் தீராத வலியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

பெரியபுராணக் காட்சியைப் பாருங்கள். வலி தாங்காமல் தருமசேனர் துடிக்கிறார். சமணர்கள் மந்திரம் சொல்கிறார்கள், மயில்பீலியால் தடவுகிறார்கள், குண்டிகை நீரைக் குடிக்கத் தருகிறார்கள். வலி கூடத்தான் செய்கிறது. இனி நம்மால் ஆகாது என்று வருத்தத்தோடு விலகிப் போகிறார்கள். அவர் தன் சமையல் ஆளை அக்காவிடம் தூது அனுப்புகிறார். தூதில் சொல்லும் செய்திதான் முக்கியம். இந்த நோய் என்னைக் கொல்லவும் இல்லை, தீரவும் இல்லை, எல்லோரும் கைவிட்டு விட்டார்கள், நான் பிழைக்க வழி கேட்டுக்கொண்டு இரவு நேரத்தில் திரும்பி வா என்கிறார்.

நாள்பட்ட வலிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டுமா? கொல்லவும் இல்லை, தீரவும் இல்லை. 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்கு முதன்முறையாகத் தனிக் குறியீடுகள் ஒதுக்கினார்கள். மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலி என்பது அதன் வரையறை. பட்டியலில் இடம் பிடிக்கவே 21ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது!

சேக்கிழார் ஒரு சைவர் என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. மருந்து தானத்தைத் தங்கள் முக்கியமான அறங்களில் ஒன்றாக வைத்திருந்தவர்கள் சமணர்கள். அவர்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டுவது அவருடைய சமய வாதத்தின் பகுதி. பக்தி இலக்கியத்தில் நோயாளியின் உடம்பே பல இடங்களில் வாத மேடை ஆகிவிடுகிறது. மதுரைப் பாண்டியனின் வெப்பு நோயைச் சம்பந்தர் தீர்த்த கதையும் இதே வகைதான்.

முதல் முத்திரை: "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்"

தருமசேனருக்கு ஏன் சூலை வந்தது? சேக்கிழார் சொல்லும் காரணம்: முற்பிறவியில் செய்த தவத்தில் ஒரு சிறு குறை. அதனால் வழி தவறிய தொண்டரைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சிவன் கொடுத்த வலி. அவரைப் பொறுத்தவரை இது தண்டனையாக வந்த அருள்.

நோயாளி என்ன சொல்கிறார்? முதல் பதிகத்தில் அப்பர் தான் கொடுமை எதுவும் செய்ததாகத் தெரியவில்லையே என்கிறார். குடலை முறுக்குவது போல, உள்ளே கிழித்து இழுப்பது போல என்று தன் வலியை வர்ணிக்கிறார். அஞ்சுகிறார், கெஞ்சுகிறார், உரிமையோடு கேட்கவும் செய்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு வினைக்கொள்கைப்படி விளக்கம் தருவார்கள். எனக்கு அந்தப் பாட்டில் முதலில் கேட்பது "நான் என்ன தப்பு செய்தேன்?" என்ற குரல்தான். தீராத வலியோடு வாழும் எவரும் ஒரு நாளாவது தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது.

ஒரு தகவல். வலியைச் சொற்களால் அளக்க முடியும் என்று 1975ல் ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு உளவியலாளர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மெக்கில் வலிக் கேள்வித்தாள் என்று பெயர். குத்துகிறதா, முறுக்குகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்று 78 சொற்கள், 20 பிரிவுகளில். அவற்றில் களைப்பு, பயம், தண்டனை போன்ற உணர்வுகளைக் குறிக்கும் சொற்களும் உண்டு. அப்பரின் பத்துப் பாடல்களை வைத்துக்கொண்டே அந்தத் தாளில் நிறைய இடங்களில் டிக் போட்டுவிடலாம்.

இரண்டாவது முத்திரை: "மறைத்துக்கொள்"

தூது போன ஆள் திரும்பி வருகிறார். அக்கா, சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். (சொந்த அக்காவின் அன்புக்கும் ஒரு எல்லைக்கோடு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.) தருமசேனர் பாயையும் குண்டிகையையும் மயில்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு, பணியாளர் கையைப் பிடித்தபடி, யாரும் காணாமல் இரவில் புறப்படுகிறார். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து திருவதிகை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் 25 கிலோமீட்டர்!

ஏன் இரவு? மடத்தின் தலைவர், ஊருக்கே உபதேசம் செய்தவர், தன் நோயை வெல்ல முடியாமல் வேறு வாசலுக்குப் போவதை யாரும் பார்க்கக் கூடாது. மானப் பிரச்சினை.

1963ல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் ஸ்டிக்மா என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அடிமைகள், குற்றவாளிகள் உடம்பில் கிரேக்கர்கள் சூடு போட்டுப் பதித்த அடையாளத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். முத்திரை விழுந்தவர்களை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பார்த்தவுடனே குறை தெரிந்துவிடும் ஆட்கள் ஒரு வகை. குறை வெளியே தெரியாது, தெரிந்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்ற நிலையில் உள்ளவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு வாழ்க்கை முழுவதும் ஒரே வேலை: யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, எவ்வளவு சொல்வது என்று கணக்குப் போடுவது.

முதல் வகைக்கும் இதே வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. சிதம்பரம் கோயிலின் தலபுராணமான கோயிற்புராணத்தில் (14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் எழுதியது) சிம்மவர்மன் என்ற இளவரசன் வருகிறான். உடம்பில் தோல் நோய். இந்த உடம்போடு அரசாளத் தகுதி இல்லை என்று தானே ஆட்சியை விட்டுவிட்டு யாத்திரை கிளம்பித் தில்லைக்கு வந்து சேர்கிறான். சிவகங்கைக் குளத்தில் மூழ்கி எழுந்து பொன்னிற உடம்போடு இரணியவர்மன் ஆகிறான். அவன் நோய் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, தீர்ந்ததும் தெரிந்தது. தருமசேனரின் நோயோ தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அவர் சொன்னால்தான் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் நோய்க்குச் சமூகம் கொடுத்த தண்டனை இதைவிடக் கொடுமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழுநோயாளிகளைப் பிடித்து ஒதுக்கி வைக்க அனுமதித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 2016ல்தான் ரத்தானது. தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019ல்தான் நீக்கப்பட்டன. ஆனால் பார்க்க முடிகிற நோய்க்கு ஒரு கட்டத்தில் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தொழுநோயில் இருந்து குணமானவர்களுக்கு இடம் உண்டு. நாள்பட்ட வலி தனி வகையாக அதில் இல்லை.

மூன்றாவது முத்திரை: "நடிக்கிறான்"

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். திருவதிகையில் பாடி வலி நீங்கிய செய்தி பாடலிபுரத்துக்கு எட்டுகிறது. சமணர்கள் கூடிப் பேசுகிறார்கள். அரசனுக்குத் தெரிந்தால் நமக்கு ஆபத்து, முந்திக்கொள்ள வேண்டும். என்ன சொல்வது? ஒரு குற்றச்சாட்டைத் தயார் செய்கிறார்கள். அக்கா சைவத்தில் இருப்பதால் தருமசேனரும் அங்கே போக ஆசைப்பட்டு, சூலை என்று பொய்யாக ஒன்றைக் கற்பித்து, அது தீரவில்லை என்று காரணம் காட்டிப் போய்விட்டார் என்று.

அதாவது, வலியே பொய்!

எத்தனையோ குற்றம் சொல்லியிருக்கலாம். மதம் மாறினார் என்று மட்டும் சொன்னாலே போதும். ஆனால் சேக்கிழார் இந்தப் பொய்க் குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வாயில் வைக்கிறார். கேட்பவர்கள் இதை நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். அருகிலிருந்து துடிப்பைப் பார்த்தவர்களே, தண்ணீர் கொடுத்தவர்களே, பிறகு நடிப்பு என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே இது எல்லோருக்கும் பழக்கமான பேச்சாக இருந்திருக்க வேண்டும்.

இதே வழக்கு பிறகு உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரயில் விபத்தில் சிக்கியவர்கள் வெளிக்காயம் இல்லாமலே மாதக்கணக்கில் முதுகு வலி என்றார்கள். ரயில்வே முதுகெலும்பு என்றே அதற்குப் பெயர் வந்தது. 1866ல் ஜான் எரிக் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் இது உண்மையான நோய் என்று புத்தகம் எழுதினார். நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இந்தச் சண்டை.

வலிக்கும் காயத்துக்கும் நேர்க்கோட்டில் கணக்குப் போட முடியாது என்பதை 1965ல் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தங்கள் வாயிற்கதவுக் கோட்பாட்டில் விளக்கினார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, வலிச் செய்தியை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை மூளையும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்றார்கள். கோட்பாட்டின் சில விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படைக் கருத்து நிலைத்தது. ஆகவே படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி உண்மையாக இருக்கலாம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பே சேர்த்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

என் அத்தை ஒருவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் பல வருடம் போனவர். நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. முதுகு வலி வந்தது, போகவே இல்லை. ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றார்கள். அந்த ஒரு சொல் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பாகிவிட்டது. ஒன்றும் இல்லாததற்கா படுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அதன் பிறகு அத்தை வலி என்ற சொல்லையே சொல்வதில்லை. விசேஷங்களுக்கு வருவதும் நின்றுவிட்டது. என்ன அத்தை என்று கேட்டால் "எனக்கே சந்தேகமா இருக்குப்பா, நிஜமாவே வலிக்குதா, இல்ல நான்தான் பெருசு பண்றேனான்னு" என்றார்.

உளவியலில் இதற்கு உள்வாங்கிய முத்திரை என்று சொல்வார்கள். ஊர் சொல்வதை நோயாளி தானே நம்பத் தொடங்கிவிடுவது. அதன் விளைவுகளைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. தன்மதிப்புக் குறைகிறது, மனச்சோர்வு கூடுகிறது, வலியை நம்மால் சமாளிக்க முடியாது என்ற கையறு நிலை வருகிறது. மருத்துவரிடம் போகத் தயங்குகிறார்கள். போனாலும் நம்ப வைப்பதற்காகச் சற்றுக் கூட்டிச் சொல்வதா, புலம்புகிறான் என்று நினைப்பார்களோ என்று குறைத்துச் சொல்வதா என்று தடுமாறுகிறார்கள். கூட்டிச் சொன்னால் நடிப்பு, குறைத்துச் சொன்னால் ஒன்றுமில்லை. லீஸ் டி ரட்டரே, கென்னத் கிரெய்க் இருவரும் 2016ல் இந்தத் துறை ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். வலிக்கு மருத்துவக் காரணம் தெரியாதபோது, பார்ப்பவர்கள் அந்த வலியைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது அதில் வரும் ஒரு முக்கியமான முடிவு.

2003ல் நவோமி ஐசன்பெர்கர் குழு ஒரு பரிசோதனை செய்தது. கணினியில் பந்து எறியும் விளையாட்டு. ஒரு கட்டத்தில் மற்றவர்கள் இவருக்கு மட்டும் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையில், உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. இரண்டும் ஒன்றேதானா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் ஒதுக்கப்படுவது மூளைக்குச் சின்ன விஷயம் இல்லை என்பது தெளிவு. ஏற்கனவே வலியில் இருப்பவரை நாம் ஒதுக்கும்போது என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடியும் பாடலிபுரம்

அப்பர் கதை முடியவில்லை. குற்றச்சாட்டை நம்பிய பல்லவன் அவரை நீற்றறையில் இடுகிறான், நஞ்சு கொடுக்கிறான், யானையை ஏவுகிறான். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போடுகிறான். கல் மிதந்து அவர் கரை சேர்கிறார். எந்தக் கரை? அதே பாடலிபுரத்துக் கரை. கடலூரில் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாது என்று இரவில் ஒளிந்து கிளம்பிய அதே ஊருக்கு, ஊரார் கூடி வரவேற்கப் பகலில் திரும்புகிறார். பிறகு அவர் தில்லைக்கும் போய்ப் பாடுகிறார்.

கல் மிதந்ததா என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் கதையை இப்படி முடித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. வலி தீர்ந்தது திருவதிகையில். பொய்யன் என்ற பெயர் தீர்ந்தது கடலூரில். இரண்டும் வேறு வேறு சிகிச்சை. முதலாவதற்கு அன்று கோயில், இன்று மருத்துவமனை. இரண்டாவதற்கு அன்றும் இன்றும் ஊர்தான் மருந்து, அதாவது நாம்.

நம் வகுப்பிலேயே ஒற்றைத் தலைவலிக்காரர் இருப்பார், மாதம் மூன்று நாள் வலியில் சுருண்டு போகிற தோழி இருப்பார். நாம் அவர்களுக்கு வைத்தியம் செய்ய முடியாது. "மறுபடியுமா?" என்று கேட்காமல் இருக்க முடியும். அவர்கள் வராத அன்று நோட்டைக் கொடுக்க முடியும். அடுத்த முறை டூருக்குப் போகும்போது, இவன் எப்படியும் வரமாட்டான் என்று நாமே முடிவு செய்யாமல் ஒரு வார்த்தை கேட்க முடியும்.

அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு சந்திப்போம்.